கழுத்தளவு காற்று

ஜனவரி. வோரு நகரம். கண்ணாடிக்கு வெளியே மைனஸ் பதினெட்டு.
கூம்புக் குடுவையில் பத்து மில்லி சாறு,
வடிகட்டி, நீர்விட்டு, மஞ்சள் மங்கும்வரை.
இரண்டு சொட்டு மாவுக்கரைசல்.
மேலே பியூரெட்டில் அயோடின், ஆறிப்போன தேநீரின் நிறத்தில்.

சொட்டு விழுகிறது, காணாமல் போகிறது.
விழுகிறது, போகிறது.
ஓர் அயோடின் மூலக்கூறுக்கு ஒரு வைட்டமின்.
கடன் கிடையாது, கொசுறு கிடையாது.
வைட்டமின் தீர்ந்த பிறகு வரும் சொட்டுக்குப்
போக்கிடம் இல்லை.
மாவைப் பிடித்துக்கொண்டு நீலமாகிவிடுகிறது.

நாலு புள்ளி இரண்டு மில்லி.
மறுபடி செய்தேன். நாலு புள்ளி இரண்டு.
மூன்றாம் முறை கை அவசரப்பட்டது;
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அக்டோபரில் புட்டியில் அடைத்த நாளன்று
இதே சாறு ஆறு புள்ளி எட்டு கேட்டது.
அஸ்தெல்பாயு: முள்ளுக்குள் ஒளிந்த ஆரஞ்சு மணிகள்.
பறித்த எல்லோர் கையிலும் கீறல் ஆற
இரண்டு வாரம் ஆனது.
லேபிளில் நூற்றைம்பது மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கிறோம்.
புட்டிக்குள் தொண்ணூற்றிரண்டு.

முதலாளி ஹெல்டுர் பனிக்காலணியோடு உள்ளே வந்தார்,
தரையில் இரண்டு சின்னக் குளம்.
"அந்தச் செம்பு அண்டாதான். அன்றைக்கே சொன்னேன்.
செம்பு வைட்டமினைத் தின்னும்."

செம்பு தின்னாது, ஹெல்டுர்.
செம்பு பந்தியில் பரிமாறுகிறவன்.
ஓடுவான், கையை வீசுவான்,
ஒரு மணி நேரப் பந்தியைப் பத்து நிமிடத்தில் முடிப்பான்.
ஆனால் சட்டியில் இல்லாதது அவன் அகப்பையிலும் வராது.
தின்கிறது ஆக்சிஜன்.
அது எவ்வளவு இருந்தது என்று பார்ப்போம்.

ரசீதின் முதுகில் எழுதினேன்.
சுடச்சுட நிரப்பினோம்; சாற்றில் கரைந்திருந்த காற்று
ஆவியோடு போயிற்று.
மிஞ்சியது புட்டியின் கழுத்தில் பத்து மில்லி.
அதில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன்,
இரண்டு மில்லிக்குச் சற்றுக் கூட.
ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டு வைட்டமினை முடிக்கும்.
அதற்குமேல் அதற்கு வயிறில்லை.
பெருக்கினால், அதிகம் போனால், முப்பத்தொரு மில்லிகிராம்.
போனதோ ஐம்பத்தெட்டு.

"அப்படியானால் மிச்சம் இருபத்தேழு?"

உள்ளே இருந்தது தீர்ந்த பிறகும்
பந்தி நடந்திருக்கிறது.
ஆறிய புட்டி மூச்சை உள்ளே இழுத்திருக்கிறது,
மூடியின் இடுக்கு வழியே, மூன்று மாதமாக.
வோருவின் வானம் முழுதும்
இலை போடக் காத்து வரிசையில் நின்றிருக்கிறது.

கிடங்கிலிருந்து பன்னிரண்டு புட்டி எடுத்து
திருகுமானியில் வைத்தேன்.
ஐந்து மூடிகள் விரல் பட்டதும் அசைந்தன.

மூடி எந்திரத்தில் யூலார்.
ஒரு கையால் புட்டியை நேராக்க வேண்டும்,
மறு கையால் இறுக்கத்தைச் சோதிக்க வேண்டும்,
பெட்டியில் அடுக்குவதற்கு மூன்றாவது கை வேண்டும்.
செப்டம்பர் வரை ரெய்ன் இருந்தான்.
தம்பெரேவில் கட்டட வேலை, இரண்டு மடங்கு சம்பளம்,
கப்பல் ஏறிவிட்டான்.
அவன் இடத்துக்கு யாரும் வரவில்லை.
பட்டையில் வரும் புட்டிகள் மட்டும் குறையவில்லை.

அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டம்
ஒன்றரை விரற்கடை அகலம்.
மூடி இறுக்கம் போதவில்லை என்று எழுதினேன்.
பிறகு, பேனாவை எடுக்காமலே:
எந்திரத்துக்கு ஆள் இரண்டு. இருந்தது ஒன்று.

ஹெல்டுர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துப் படித்தார்.
"இதுவும் வேதியியலா?"
"கூட்டல் கழித்தல்," என்றேன்.
அவர் அந்த வரியை அடிக்கவில்லை.
கையெழுத்தும் போடவில்லை.
காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.
அவர் நின்ற இடத்தில் குளம் இன்னும் காயவில்லை.

நீலக் குடுவையைக் கழுவ எடுத்தேன்.
பக்கத்தில் புட்டியின் அடியில் கொஞ்சம் சாறு.
சும்மாதான், அதை நீலத்தில் ஊற்றினேன்.
ஒரு சுழற்று.
நீலம் போயிற்று.
இந்த முறை தீர்ந்தது அயோடின்.